வெர்தூன் என்று சொல்லி விற்ற பெட்டி

35 யூரோவையும் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலைப் பொழுதையும் செலவழித்து ஒரு பொய்யை வீட்டுக்குச் சுமந்து வந்த கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன். பொய் என்றால் அபாண்டமான பொய் அல்ல. பழம் பொருள் விற்கிறவர் எவரும் நாக் கூசாமல் சொல்லக் கூடியதும், வாங்குகிறவன் உள்ளூர ஆசைப்பட்டு நம்பக் கூடியதுமான ஒரு சாதுப் பொய். ஆனாலும் எனக்குக் கோபம் வந்தது.

பிரான்ஸ் தேசத்தில் வசந்தம் பிறந்தது முதல் இலைகள் உதிரத் தொடங்கும் வரையில் ஊருக்கு ஊர் 'வீத்-கிரெனியே' என்று ஒரு சந்தை கூடும். பரணைக் காலி செய்வது என்று அர்த்தம். பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து வீட்டில் சேர்ந்துபோன தட்டுமுட்டுச் சாமான்களை எல்லாம் மாதா கோயில் வாசலிலோ ஊர் மைதானத்திலோ மேஜை போட்டுப் பரப்பி, காப்பி குடித்துக்கொண்டும் அக்கம் பக்கத்தாரோடு வம்பளந்துகொண்டும் சாயங்காலம் வரையில் விற்றுக்கொண்டிருப்பார்கள். (நம் ஊரில் போகிப் பண்டிகையன்று கொளுத்துவதை இவர்கள் காசாக்கிவிடுகிறார்கள்.) எனக்கு இந்தச் சந்தைகளில் ஒரு பைத்தியம். புதுச்சேரியிலிருந்து வந்து பாரிஸ் புறநகரில் குடியேறிய நாள் முதலாக இந்தப் பைத்தியம் வளர்ந்து வந்திருக்கிறதே ஒழியக் குறைந்தபாடில்லை.

அன்று மார்ன் நதிப் பக்கத்தில் ஒரு சிறிய கிராமம். ஊர் நடுவே, எல்லாப் பிரெஞ்சுக் கிராமங்களிலும் இருப்பதுபோல, யுத்தத்தில் இறந்தவர்களுக்கான ஞாபகஸ்தம்பம். அதன் நிழலில் மேஜை போட்டிருந்த ஒரு மனிதர், துருப்பிடித்த இரும்புத் தொப்பிக்கும் ஒரு சோடிக் குதிரை லாடத்துக்கும் நடுவே, தோல் வார் கோத்த ஒரு பச்சைப் பெட்டியை வைத்திருந்தார். மூடியைத் திறந்தேன். உள்ளே கறுப்பு பேக்லைட்டில் ஒரு ரிசீவர். அதன் பிடியில் பேசும்போது அமுக்க வேண்டிய ஒரு கட்டை. பக்கவாட்டில் மடித்து வைக்கக் கூடிய ஒரு சிறு கைப்பிடி. மேலே கம்பிகளை மாட்டுவதற்கு இரண்டு திருகுகள். போர்க்களத்து டெலிபோன்!

விற்கிறவர் என் முகத்தைப் படித்துவிட்டார். "வெர்தூன், முஸ்யே," என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. பேச வேண்டிய அவசியமும் இல்லை. 1916 பிப்ரவரி 21-ஆம் தேதி தொடங்கி அந்த வருஷம் டிசம்பர் மத்தி வரையில் ஏறக்குறைய 300 நாள் நடந்த அந்த முதல் மகாயுத்தச் சண்டையின் பெயரை உச்சரித்த மாத்திரத்தில் எந்தத் தகரப் பெட்டிக்கும் ஒரு தேஜஸ் வந்துவிடுகிறது.

நான் பர்ஸை எடுத்துக்கொண்டிருந்தபோது, கைத்தடி ஊன்றி வந்த ஒரு முதியவர் அங்கே நின்றார். பெட்டியைப் பார்த்தார். "ஆ, லா ஜேஜேன்," என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டு, விலை கேட்காமல் போய்விட்டார்.

எஜேன் என்பது பிரெஞ்சுக்காரர்கள் ஆண் பிள்ளைகளுக்கு வைக்கும் பெயர். அதைச் செல்லமாகச் சுருக்கினால் ஜேஜேன். (நாம் சுப்பிரமணியனைச் சுப்புணி என்கிறோமே, அதுபோல.) பாரிஸுக்குக் கிழக்கே ஜுவான்வீலில், மார்ன் கரையில், ஜேஜேன் என்ற பெயரிலேயே பிரசித்தமான ஓர் ஆட்டப்பாட்டச் சத்திரம்கூட இருக்கிறது, அக்கார்டியன் வாசிப்பார்கள், ஜோடி ஜோடியாக ஆடுவார்கள். கிழவருக்கு ஏதோ இளமைக்கால ஞாபகம் வந்துவிட்டது போலும் என்று எண்ணி நானும் புன்னகை செய்தேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் வழக்கமான வரவேற்பு.

"இது என்னங்க?"

"டெலிபோன்."

"வீட்டுல நாலு இருக்கு."

பதில் சொல்லாமல் திருப்புளியோடு உட்கார்ந்தேன். மூடியின் உட்புறத்தில் அழுக்கேறிய ஓர் அலுமினியத் தகடு. துணியை நனைத்துத் துடைத்தேன். ஏ.ஓ.ஐ.பி. என்ற நான்கு எழுத்துக்கள் முதலில் தெரிந்தன. அவை 1896-ல் பாரிஸில் நுண்கருவித் தொழிலாளர்கள் தாங்களே முதலாளிகளாகவும் தாங்களே கூலிக்காரர்களாகவும் இருந்து நடத்துவதற்காக ஆரம்பித்த கூட்டுறவு ஸ்தாபனத்தின் எழுத்துக்கள் என்பது எனக்குத் தெரிந்த விஷயம். ஆகையால் ஒரு சந்தோஷம் உண்டாயிற்று. இன்னும் கொஞ்சம் துடைத்தேன். கீழே வருஷம் தெரிந்தது.

1956.

வெர்தூன் முடிந்து 40 வருஷம் கழித்து! அந்த மனிதருக்கு மூடியைத் திறந்து பார்க்கத் தெரியாதா? அல்லது பார்த்துவிட்டுத்தான் சொன்னாரா? அன்று இரவு சாப்பாட்டின்போது இதையே நான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்ததாகவும், ரசம் ஆறிப்போனதை நான் கவனிக்கவில்லை என்றும் வீட்டில் ஒரு குற்றச்சாட்டு இன்னும் நிலுவையில் இருக்கிறது.

ஆனால் யந்திரங்களுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. பொய் சொல்லி விற்கப்பட்ட யந்திரமும் உண்மையாகவே வேலை செய்யும். செய்ய வைக்கலாம் என்று முடிவு கட்டினேன்.

பாட்டரி வைக்கும் அறையைத் திறந்ததும் ஒரு பழைய நெடி. என்றைக்கோ உள்ளே மறந்துவிட்ட இரண்டு பாட்டரிகள் வெடித்து, வெள்ளையும் பச்சையுமாகப் பூத்து, பித்தளைத் தகடுகளைத் தின்றிருந்தன. டி.வி. ரிமோட்டில் பாட்டரி ஒழுகினால் வினிகர் தொட்டுத் துடைக்க வேண்டும் என்று எங்கோ கற்று வைத்திருந்த அரைகுறை ஞானத்தைக் கொண்டு வினிகரை ஊற்றினேன். ஒன்றும் நடக்கவில்லை; பித்தளை மட்டும் இன்னும் பரிதாபமாகிவிட்டது. பிறகுதான் புத்தி வந்தது. இன்றைய ஆல்கலைன் பாட்டரியில் ஒழுகுவது காரம், அதற்குப் புளிப்பு மருந்து. அந்தக் காலத்துப் பாட்டரியோ, 1866-ல் லெக்லான்ஷே என்ற பிரெஞ்சுக்காரர் செய்த மின்கலத்தின் வம்சம். துத்தநாகமும் நவச்சாரமும் சேர்ந்தது. அதில் ஒழுகுவதே புளிப்பு. புளிப்புக்குப் புளிப்பை ஊற்றினால் என்ன ஆகும்? சமையல் அறையில் ஆப்பச் சோடா இருந்தது. ஒரு கரண்டி தண்ணீரில் கரைத்து ஊற்றினேன். நுரை பொங்கி, 60 வருஷத்து அழுக்கு கழன்று வந்தது. (ஆப்பத்துக்கு வைத்திருந்த சோடா தீர்ந்துபோனது தனி வழக்கு.)

இந்த டெலிபோனின் தத்துவம் மிகவும் எளியது. நம் வீட்டுப் பழைய டெலிபோனுக்கு மின்சாரம் எக்ஸ்சேஞ்சிலிருந்து வரும். போர்க்களத்தில் எக்ஸ்சேஞ்சை நம்பி உட்கார முடியாது. ஆகவே ஒவ்வொரு பெட்டியும் தன் மின்சாரத்தைத் தானே வைத்துக்கொள்கிறது. பேசுவதற்கு மூன்று வோல்ட் பாட்டரி. வாய்க்கு நேரே ஒரு மெல்லிய தகட்டுக்குப் பின்னால் கார்பன் துகள்கள். நாம் பேசும்போது தகடு அதிர்ந்து துகள்களை நெருக்குகிறது, நெகிழ்த்துகிறது. அதற்கு ஏற்ப மின்சாரம் கூடிக் குறைந்து, ஒரு சிறு சுருள் வழியாகக் கம்பியில் ஏறி, அடுத்த முனையில் மறுபடியும் குரலாகிறது. நெடுநாள் உபயோகிக்காமல் விட்டால் துகள்கள் கட்டி தட்டிப்போகும். எனக்கும் முதலில் ஒரு சத்தமும் கேட்கவில்லை. வாய்ப் பக்கத்தை மேஜை விளிம்பில் லேசாக நாலு தட்டுத் தட்டினேன். உயிர் வந்துவிட்டது. இத்தனை வருஷத்து மௌனத்துக்கு நாலு தட்டு!

மணி அடிப்பதற்கு மூன்று வோல்ட் போதாது. அதற்குத்தான் அந்தக் கைப்பிடி. அதைச் சுழற்றினால் உள்ளே பற்சக்கரங்கள் ஓடி, குதிரை லாடம் போன்ற காந்தங்களுக்கு நடுவே ஒரு கம்பிச் சுருள் வேகமாகச் சுற்றுகிறது. மின்சாரம் பிறந்து கம்பி வழியே போய் எதிர்ப்பக்கத்து மணியைக் குலுக்குகிறது. மாக்னெட்டோ என்று பெயர். மீட்டர் வைத்துப் பார்த்தேன். நிதானமாகச் சுற்றினால் 60 வோல்ட், ஆவேசமாகச் சுற்றினால் 80-ஐத் தாண்டியது.

மீட்டர் வைத்துப் பார்த்தது இரண்டாவதாக. முதலாவதாக நடந்ததைச் சொல்லாமல் விடுவது நியாயம் அல்ல. கம்பியின் இரண்டு முனைகளையும் திருகுகளில் இரண்டு விரல்களால் அழுத்திப் பிடித்துக்கொண்டு பையனைக் கூப்பிட்டேன்.

"அப்பா, சுத்தட்டுமா?"

"சுத்துடா."

சுற்றினான். நான் போட்ட சத்தத்தில் மாடியிலிருந்து ஆள் இறங்கி வந்தது. முழங்கை வரையில் ஒரு சவுக்கடி போல இழுத்துவிட்டது. உயிருக்கு ஆபத்தான அளவு மின்சாரம் அல்ல. ஆனால் மறக்கவும் முடியாது. பையன் தரையில் உருண்டு உருண்டு சிரித்தான். "இன்னொரு தடவைப்பா" என்றான். நானும் சிரித்தேன். அன்று அது சிரிக்கக் கூடிய விஷயமாகத்தான் இருந்தது.

ஒரு கை தட்டினால் ஓசை வராது. ஒரு டெலிபோனும் அப்படியே. அடுத்த மாதம் இன்னொரு சந்தையில், இதைவிட மோசமான நிலையில் இருந்த ஒரு ஜோடிப் பெட்டியைத் தேடிப் பிடித்தேன். (அதை விற்ற அம்மாளும் வெர்தூன் என்றுதான் சொன்னாள்.) மாடி அறையில் ஒன்று, தோட்டத்துக் கொட்டகையில் ஒன்று, நடுவே 40 மீட்டர் இரட்டைக் கம்பி. கைப்பிடியைச் சுழற்றினேன். கீழே மணி கிணுகிணுத்தது. "ஹலோ" என்ற பையனின் குரல், கைபேசியில் கேட்கும் குரலைப்போல வழவழப்பாக இல்லாமல், கார்பன் துகள்களின் சரசரப்போடு, மிக நெருக்கத்தில் கேட்டது. பேசும்போது பிடியில் உள்ள கட்டையை அமுக்க வேண்டும், அப்போதுதான் பாட்டரி சேரும். அதை மறந்து நான் ஐந்து நிமிஷம் பிரசங்கம் செய்துவிட்டு இறங்கிப் போனால், பையன் கொட்டகையில் தூங்கிக்கொண்டிருந்தான்.

பெயர்களை எழுத்துக் கூட்டிச் சொல்ல பிரெஞ்சுக்காரர்கள் ஒரு வரிசை வைத்திருக்கிறார்கள்: ஏ-க்கு அனத்தோல், பி-க்கு பெர்த், சி-க்கு செலெஸ்தன், டி-க்கு தெசீரே, ஈ-க்கு எஜேன். ஒரு கிராமத்துக் கலியாணத்துக்கு வந்த உறவுக்கூட்டம்போல இருக்கும். இதையே சொல்லிச் சொல்லி இரண்டு நாள் விளையாடினோம்.

மூன்றாம் நாள் ஒரு யோசனை. இரட்டைக் கம்பியில் ஒன்றைக் கழற்றிவிட்டு, இரு பக்கமும் ஓர் ஆணியை ஈர மண்ணில் அறைந்து அதில் மாட்டினால், திரும்பி வரும் வழியைப் பூமியே ஏற்றுக்கொள்ளும் என்பது பழைய தந்தி சாஸ்திரம். செய்தேன். குரல் வந்தது, ஆனால் கூடவே அடுத்த வீட்டு மின்சாரத்தின் ரீங்காரமும் வந்தது. எங்கள் பேச்சு மண்ணில் கசிந்து கொண்டிருந்தது. ஊராருடைய சத்தமும் மண் வழியே எங்களுக்குள் வந்து கொண்டிருந்தது.

முதல் மகாயுத்தத்தில் இதுவேதான் விபரீதமாக முடிந்தது. கம்பிக்கும் காலத்துக்கும் பஞ்சமாக இருந்தபடியால் பதுங்கு குழிகளில் ஒற்றைக் கம்பியும் பூமியுமாக டெலிபோன் போட்டார்கள். சில நூறு மீட்டருக்கு அப்பால் இருந்த எதிரி, மண்ணில் இரண்டு ஆணிகளை அறைந்து, கசிந்து வந்த சன்னமான மின்சாரத்தை வால்வுகளால் பெருக்கி, எந்தப் பட்டாளம் எப்போது மாறுகிறது, எப்போது தாக்குதல் என்பதையெல்லாம் சாவகாசமாகக் கேட்டுக்கொண்டிருந்தான். இரண்டு தரப்பும் இந்தத் திருட்டைச் செய்தன. ராணுவத் தந்திப் பிரிவின் தலைவராக இருந்த ஃபெரியேயின் முயற்சியால் 1915 முதல் லியோனில் தயாரான 'டி.எம்.' வால்வுகள் — ராணுவத் தந்தி என்ற பிரெஞ்சுச் சொற்களின் முதலெழுத்துக்கள் அவை — பிரான்ஸுக்கு இதில் பெரிய பலமாயின. மண் ஒட்டுக் கேட்கிறது என்றால் மண் வழியாகவே ஏன் பேசக் கூடாது என்று கம்பியே இல்லாமல் பூமியின் வழியாகத் தந்தி அடிக்கவும் பழகிக்கொண்டார்கள்.

வெர்தூனில் ஒட்டுக் கேட்பவனைவிடப் பெரிய சத்துரு குண்டு. கம்பியைப் போட்ட மாத்திரத்தில் குண்டு விழுந்து அறுக்கும். அறுந்த முனையைத் தேடி, ரிசீவரைத் தோளில் மாட்டிக்கொண்டு, இருட்டில் தவழ்ந்து போய் முடிபோட்டுவிட்டு வர ஓர் ஆள். அவன் திரும்புவதற்குள் மறுபடியும் அறுந்திருக்கும். வோ கோட்டைக்குள் அடைபட்டுக் கிடந்த ரெய்னால் என்ற தளபதி, வெளியுலகத்தோடு வேறு தொடர்பு அற்றுப்போன நிலையில், 1916 ஜூன் 4-ஆம் தேதி தம்மிடம் மிஞ்சிய கடைசிப் புறாவைச் செய்தியோடு பறக்கவிட்டார். மூன்று நாள் கழித்துக் கோட்டை விழுந்தது. அந்தப் புறாவுக்கு வீரன் என்று பொருள்படும் பெயர். இவ்வளவையும் படித்த பிறகு, எவன் ஒரு பச்சைப் பெட்டியை வெர்தூன் என்று சொல்லி விற்க மாட்டான்? எவன்தான் வாங்க மாட்டான்? என் கோபம் தணிந்துவிட்டது என்றே சொல்ல வேண்டும்.

(1940-ன் தோல்விக்கும் டெலிபோனுக்கும்கூட ஒரு சம்பந்தம் உண்டு, ஆனால் அதை யாரும் சந்தையில் பெருமையாகச் சொல்லிக்கொள்வதில்லை. பிரெஞ்சு சைனியங்களின் தலைவரான காம்லன், வன்சென் கோட்டையில் ரேடியோ நிலையம் ஒன்றுகூட இல்லாமல், டெலிபோனையும் மோட்டார் சைக்கிள் தூதர்களையும் நம்பி உட்கார்ந்திருந்தார். ஜெர்மன் டாங்கிகள் அவருக்காகக் காத்திருக்கவில்லை.)

ஒரு சாயங்காலம், எழுத்துக் கூட்டும் விளையாட்டில் பையன் "ஈ-க்கு எஜேன்" என்றபோது அந்தக் கைத்தடிக் கிழவர் ஞாபகத்துக்கு வந்தார். அவர் 'லா' ஜேஜேன் என்று சொன்னார். ஆண் பிள்ளையின் பெயருக்கு முன்னால் 'லா' வராது, அது பெண்பால். சத்திரத்தைச் சொல்லியிருந்தாலும் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார். என்ன சொன்னார் அவர்?

அகராதியை எடுத்தேன். மின்சாரம் உண்டாக்கும் யந்திரத்துக்குப் பிரெஞ்சில் 'ஜெனராத்ரீஸ்' என்று பெயர், அது பெண்பால். பட்டாளத்துக்காரர்கள் அதைச் செல்லமாகச் சுருக்கி ஜேஜேன் ஆக்கினார்கள். அல்ஜீரியாவில், 1954 முதல் 1962 வரையில் நடந்த யுத்தத்தில், பிடிபட்டவர்களுடைய காதிலும் விரலிலும், எழுதக் கூடாத மற்ற இடங்களிலும் இரண்டு கம்பிகளை மாட்டிவிட்டு, போர்க்களத்து டெலிபோனின் கைப்பிடியைச் சுழற்றினார்கள். அந்தப் பெட்டிக்கும் அந்தச் செயலுக்கும் சேர்த்து அந்தச் செல்லப் பெயர்.

'அல்ஜே ரெப்யுப்ளிக்கன்' பத்திரிகையின் ஆசிரியராக இருந்த ஆன்ரி அலேக் 1957 ஜூன் 12-ஆம் தேதி பாராசூட் படையினரிடம் அகப்பட்டார். தமக்கு நேர்ந்ததைச் சிறையிலிருந்து எழுதி வெளியே அனுப்பினார்; 1958 பிப்ரவரியில் அது புத்தகமாக வந்தது, மார்ச்சில் சர்க்கார் பறிமுதல் செய்தது. 'லா கேஸ்தியோன்' என்று தலைப்பு. கேள்வி என்று அர்த்தம். பழைய காலத்து நியாயஸ்தலங்களில் சித்திரவதைக்கும் அதே சொல்தான். அலேக்குக்கு ஒரு நாள் முன்னதாகப் பிடிபட்ட மோரீஸ் ஓதன் என்ற கணித ஆசிரியர், 25 வயது, திரும்பி வரவே இல்லை. அவருடைய மரணத்துக்கு ராஜ்யம் பொறுப்பு என்று ஜனாதிபதி மக்ரோன் ஒப்புக்கொண்டபோது வருஷம் 2018.

என் பெட்டியின் தகட்டில் 1956. அந்த வருஷம் மார்ச் மாதத்தில்தான் பாரிஸ் பார்லிமெண்ட் அல்ஜீரியாவுக்காகச் சர்க்காருக்கு விசேஷ அதிகாரங்களைக் கொடுத்தது. கட்டாய ராணுவ சேவையில் இருந்த பையன்கள் கூட்டம் கூட்டமாகக் கப்பல் ஏறினார்கள். என் பெட்டியும் கப்பல் ஏறிற்று என்பதற்கு அத்தாட்சி ஏதும் இல்லை. ஏதாவது ஒரு பாசறைக் கிடங்கில், யாரும் தொடாமல், பாட்டரி ஒழுகிக்கொண்டு கிடந்திருக்கலாம். யந்திரத்தைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதன் காந்தமும் சுருளும் யாருக்காகச் சுற்றினாலும் 80 வோல்ட்தான் கொடுக்கும். தங்கள் வேலைக்குத் தாங்களே எஜமானர்களாக இருந்த தொழிலாளிகள் மணி அடிப்பதற்காகச் செய்தது அது.

எனக்கு முழங்கை வரையில் இழுத்தது ஒரு விநாடி. கையை எடுத்துவிட எனக்கு முடிந்தது.

மறுபடியும் அந்தக் கிராமத்துக்குப் போனேன். சந்தை நாள் அல்ல, மைதானம் காலி. அன்றைக்குப் பார்க்காமல் விட்ட ஞாபகஸ்தம்பத்தை நின்று பார்த்தேன். 1914-18 என்று ஒரு நீண்ட ஜாபிதா. ஒரே குடும்பப் பெயர் மூன்று முறை, நான்கு முறை. அதற்குக் கீழே 1939-45, சின்னது. அடியில், கல் முடிகிற இடத்தில், 'வட ஆப்பிரிக்கா' என்பதைக் குறிக்கும் மூன்று எழுத்துக்கள், இரண்டு பெயர்கள். யுத்தம் என்ற சொல் அங்கே இல்லை. இருக்கவும் நியாயமில்லை, 1999 அக்டோபரில் ஒரு சட்டம் போட்டு மாற்றும் வரையில் அந்த எட்டு வருஷங்களுக்குச் சர்க்கார் ஏடுகளில் 'நடவடிக்கைகள்' என்றுதான் பெயர். பெயரே இல்லாத ஒரு யுத்தத்தைச் சொல்லிச் சந்தையில் எப்படி ஒரு பெட்டியை விற்பது?

எங்கள் புதுச்சேரித் தெருவில் ஒரு சொல்தா இருந்தார். (பிரெஞ்சுப் பட்டாளத்தில் ஊழியம் செய்து பென்ஷன் வாங்கியவர்களை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்.) இந்தோசீனாவைப் பற்றி அவர் திண்ணையில் உட்கார்ந்து மணிக்கணக்கில் சொல்வார், ஆறு, கொசு, அரிசிச் சாராயம் ஒன்றும் பாக்கி இராது. அல்ஜீரியாவிலும் இருந்திருக்கிறார். அதைப் பற்றிக் கேட்டால், "ஆரஞ்சுப் பழம் நல்லா இருக்கும்டா தம்பி" என்பார். பிறகு வெற்றிலைப் பெட்டியைத் திறப்பார். நாங்களும் விட்டுவிடுவோம்.

டெலிபோன்கள் இப்போது வரவேற்பு அறை அலமாரியில் இருக்கின்றன. வருகிறவர்கள் கேட்கிறார்கள், நானும் ஆளைப் பார்த்துச் சிலரிடம் முழுக் கதையும், சிலரிடம் ஆப்பச் சோடாக் கதை மட்டும் சொல்லி வந்தேன். போன வாரம் ஒரு நண்பர் குடும்பத்தோடு வந்தார். அவருடைய மகள், ஆறு வயது, கைப்பிடியைக் கண்டதும் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டாள்.

"மாமா, இது யாரோடது? சுத்தலாமா?"

"பட்டாளத்துக்காரங்களோடது. சுத்து."

சுற்றினாள். அடுத்த பெட்டியில் மணி அடித்தது. கை கொட்டிச் சிரித்தாள்.

"எந்தப் பட்டாளம் மாமா? எங்க சண்டை போட்டாங்க?"

அவள் அப்பா என்னைப் பார்த்தார். நான் "வெர்தூன்" என்றேன். மூடி திறந்துதான் இருந்தது. தகட்டில் 1956 பளிச்சென்று தெரிந்தது. நல்லவேளையாக அவளுக்கு இன்னும் நூற்றுக்கு மேல் எண்கள் வாசிக்கத் தெரியாது.